பானா லொம்பே பிடித்துக்கொண்டு போன ஆடு

பானா லொம்பேயைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுத எனக்கு உரிமை கிடையாது. அவள் பெம்பா இனம், நான் ங்கோனி இனம். எங்கள் பாட்டன்மார் ஒருத்தரை ஒருத்தர் ஈட்டியால் குத்திக் குத்திக் கை ஓய்ந்தபிறகு, இனிமேல் வாயால் மட்டும் குத்திக்கொள்வோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து இரண்டு கூட்டத்துக்கும் மச்சான் முறை. அவள் என்னை எலி தின்னி என்பாள், நான் அவளைக் குரங்கு தின்னி என்பேன். கோபித்துக்கொள்கிறவர் தோற்றவர். ஆகவே இந்தக் கதையில் எங்கேயாவது அவளை நான் புகழ்ந்துவிட்டால், கை தவறி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் லைசன் ஜெரே. சுரங்கக் குடியிருப்புச் சந்தையில் முடி வெட்டுகிறேன். கடைக்கு எதிரே சாக்கடை. சாக்கடைக்கு அந்தப்பக்கம் அவள், வறுத்துத் தின்கிற காய்ந்த புழுவையும் பொடிக் கப்பென்டா மீனையும் குவித்துவைத்துக்கொண்டு, இரண்டு ஆள் உட்காரும் இடத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பாள். சொந்தப் பெயர் டொரோத்தியா கபாம்ப்வே. மூத்த மகள் லொம்பே பிறந்த நாளிலிருந்து அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டதில்லை; பானா லொம்பே என்றால் லொம்பேயின் அம்மா, அவ்வளவுதான். என் கடைக்கு வருகிற ஆளையெல்லாம் பாதி வழியிலேயே மறித்துவிடுவாள்.

"அந்த எலிகிட்டயா போறீங்க? காதைக் கையில பிடிச்சிக்கிட்டு உட்காருங்க. போன வாரம் ஒருத்தருக்கு ஒரு பக்கம்தான் மிஞ்சிச்சு."

நானும் சும்மா இருப்பேனா? அவளிடம் புழு வாங்க நிற்கிறவர்களைப் பார்த்து, "அக்கா, அந்தப் புழுவெல்லாம் இவளைப் பார்த்துப் பயந்தே செத்ததுங்க" என்று இங்கிருந்து கத்துவேன். இப்படியே இரண்டு பேர் பிழைப்பிலும் மண் விழுந்துகொண்டிருந்தது. இருவரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

பெம்பா சீமையில் கசாமா பக்கத்திலிருந்து புருஷனோடு லாரியில் வந்தவள். சுரங்கத்தில் வேலை கிடைத்ததும் அந்த ஆள் சாராயம் விற்கிற ஒருத்தியோடு போய்விட்டான். அப்போது அழுதாயா என்று ஒரு தடவை கேட்டேன். "அழாம இருப்பேனா? அந்தப் பொம்பளை கதியை நினைச்சு ஒரு நாள் முழுக்க அழுதேன்டா" என்றாள். மூன்று பெண்களைப் புழு விற்றே வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். மருமகன்கள் மூன்று பேரும் அவளைக் கண்டால் சுவரோரமாக நடப்பார்கள்.

ஆனால் ஊர் அவளை அறிந்தது புழுவால் இல்லை, இழவு வீட்டால். ஒரு ங்கோனி செத்தான் என்று காதில் விழுந்தால் போதும், கடையை மூடிவிட்டுக் கிளம்பிவிடுவாள். அழுவதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சிரிக்கவைக்க மச்சான் முறைக்காரன்தானே வரவேண்டும்? அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. செத்தவரின் கோட்டை மாட்டிக்கொள்வாள். அவர் நடை, அவர் இருமல், அவர் சர்க்கரை கடன் கேட்கிற தினுசு, எல்லாம் அச்சு அசலாக வரும். என் அப்பா செத்தபோது வெட்டிய குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, "இடம் குளுகுளுன்னு இருக்கு, எனக்குப் பிடிச்சிருக்கு. பெட்டியை வேற எங்கயாவது கொண்டு போங்க" என்றாள். பாதிரியார் பைபிளை மூடிவிட்டுச் சட்டைப் பையில் கையைவிட்டுச் சில்லறை கொடுத்த பிறகுதான் எழுந்தாள். அப்பா போனதிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்த என் அம்மா அன்றைக்குச் சிரித்துவிட்டு, எழுந்து உட்கார்ந்து ன்ஷிமாக் களி கேட்டாள். அதை நான் மறக்கவில்லை. அவளிடம் சொன்னதும் இல்லை.

எங்கள் குடியிருப்பில் ங்கோனிக்கெல்லாம் ங்கோனி என்றால் அது மசேக்கோ கிழவர். சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவர். வருஷா வருஷம் முதல் அறுவடைத் திருவிழாவுக்கு எங்கள் ங்கோனி சீமையான சிப்பாட்டா பக்கம் போய், தோலாடை கட்டி, கேடயம் பிடித்து ஆடிவிட்டு வருவார். வந்ததும் என் நாற்காலியில் உட்கார்ந்து, "ஜெரே, நம்ம ரத்தம் சிங்க ரத்தம்டா" என்பார். எனக்கு நெஞ்சு விம்மும். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். பெரியப்பாவிடம் காசு வாங்க முடியுமா? ஓசியில்தான் வெட்டிவிடுவேன்.

அவருக்கும் பானா லொம்பேக்கும் தினம் ஒரு சண்டை.

"கிழட்டு எலி! வளையை விட்டு வெளிய வந்துட்டியா? பூனை எல்லாம் என்ன பண்ணுது இந்த ஊர்ல?"

"உன் குரலைக் கேட்டு ஓடிப்போச்சு. குரங்கு மரத்துல இருக்கணும், சந்தையில என்ன வேலை?"

இரண்டு புழுவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு காசு கொடுக்காமல் நடையைக் கட்டுவார். அவள் பின்னாலேயே செருப்பை எறிவாள். பார்க்கப் பார்க்க அலுக்காது.

அந்தக் கிழவர் போன குளிர்காலத்தில் செத்துப்போனார். மனைவி முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் வெப்ஸ்டர் தலைநகர் லுசாக்காவிலிருந்து வந்து இறங்கினான். இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய வேலை, கறுப்புக் கண்ணாடி, கோழியைக்கூட ஆங்கிலத்தில்தான் விரட்டுவான். அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் கம்பம் நட்டமாதிரி நின்றான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

பானா லொம்பே வந்தாள். கிழவரின் கோட்டு, தலையில் அவருடைய சுரங்கத் தொப்பி, கையில் ஒரு பானை மூடி; அதுதான் கேடயம். வாசலிலிருந்து பெட்டி வரைக்கும் கிழவர் மாதிரியே இருமிக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடினாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். வெப்ஸ்டர் மட்டும் பல்லைக் கடித்தான். அப்போது வந்தவர்களுக்குச் சமைப்பதற்காக ஒரு கிடாயைப் பிடித்து வந்தார்கள். கறுப்பு வெள்ளைக் கிடா, நல்ல கனம். அவள் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இந்த எலி என் புழுவைத் தின்னுச்சே, அதுக்கு இது ஜாமீன்! வேணும்னா வந்து மீட்டுக்கோங்கடா!"

முந்நூறு பேர் பார்க்கப் பாடிக்கொண்டே ஆட்டோடு தெருவில் இறங்கிப் போனாள். இதெல்லாம் எங்களுக்குப் புதிதில்லை. செத்த வீட்டிலிருந்து யாராவது ஒரு கோழியையோ கொஞ்சம் சில்லறையையோ கொண்டுபோய், திட்டிப் பேரம் பேசி ஆட்டை மீட்டு வருவார்கள். அந்தப் பேரத்தில் இன்னும் நாலு பேர் சிரிப்பார்கள். வழக்கம் அதுதான்.

அன்றைக்கு யாரும் போகவில்லை. யாரும் போகக் கூடாது என்று வெப்ஸ்டர் சொல்லிவிட்டான். ஆட்டை வீட்டில் கட்ட இடமில்லை என்று அவள் என் கடைத் தூணில் கட்டிவைத்துவிட்டுப் போய்விட்டாள். அது என் துண்டைத் தின்றது. பிறகு சுவரில் இருந்த காலண்டரைத் தின்றது. மறுநாளும் ஆள் வரவில்லை. "என்னடா இது, துரைமாருக்கு ஆடு வேண்டாமா?" என்று அவள் வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கடுத்த நாள் வந்தது போலீஸ்.

"ஆட்டைத் திருடினது நீதானா?" என்று கேட்ட போலீஸ்காரரை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"திருடுறவ பாட்டுப் பாடிக்கிட்டா போவா? உன்னைப் பெத்தவளுக்கு வேலையே இல்லையா?"

அவரும் மச்சான் முறைக்காரர்தான் போலிருக்கிறது, சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனாலும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். புகார் புகார்தானே.

எங்கள் நாட்டில் ஆடு மாடு திருடினால் சும்மா விடமாட்டார்கள். வருஷக்கணக்கில் உள்ளே தள்ளுவார்கள். குறைக்கவேண்டும் என்று நீதிபதிக்கே தோன்றினாலும் சட்டம் விடாது. அவளுக்கு வயது அறுபதைத் தாண்டியாகிவிட்டது. ஜாமீனில் வந்து கடையில் உட்கார்ந்திருந்தாள். நான் சாக்கடையைத் தாண்டிப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஜெயில்ல சோறு போடுவான்டா, ஜெரே. அதுக்கு நான் பயப்படல" என்றாள். "ஆனா திருடின்னு பேர் வந்துட்டா எந்த இழவு வீட்டுலடா என்னை உள்ள விடுவாங்க? நாளைக்கு நீ செத்தா நான் எப்படி வர்றது?"

"நான் சாகமாட்டேன். நீ வர்றேன்னா கண்டிப்பா சாகமாட்டேன்."

அவள் சிரிக்கவில்லை.

வழக்கு வந்தது. மஜிஸ்ட்ரேட் லிசெலி என்கிற பெண், மேற்கே லோசி இனத்துக்காரி. மூக்கு நுனியில் கண்ணாடி, வயது என் மகளைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். அரசு வக்கீல் ஹமூங்கா தெற்கத்தி டோங்கா. லோசிக்கும் டோங்காவுக்கும் எங்களைப் போலவே மச்சான் முறை உண்டு. ஆனால் கோர்ட்டில் கோட்டைப் போட்டுக்கொண்டு அடக்கி வாசிப்பார்கள். பானா லொம்பேக்கு வக்கீல் வைக்க வசதியில்லை. வைத்திருந்தாலும் அவரைப் பேச விட்டிருக்கமாட்டாள்.

"ஆட்டைத் திருடினதா உங்கமேல குற்றச்சாட்டு. ஒத்துக்கிறீங்களா?"

"எடுத்தேன். ஊரே பார்த்துச்சு."

"நான் கேட்டது திருடினீங்களான்னு. எடுக்கிறது வேற, திருடுறது வேற" என்றார் மஜிஸ்ட்ரேட். "கை செஞ்சது மட்டும் போதாது, மனசுலயும் திருட்டு இருந்திருக்கணும். அடுத்தவன் பொருள், எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் எனக்கே வெச்சுக்கப் போறேன்னு நினைச்சு எடுத்தாத்தான் திருட்டு. அதை அரசாங்கம் நிரூபிக்கணும். நீங்க எதையும் நிரூபிக்க வேண்டாம். வாயே திறக்காம உட்கார்ந்திருந்தாக்கூடப் போதும்."

"வாயே திறக்காமலா?" என்றாள் பானா லொம்பே. கோர்ட்டு முழுக்கச் சிரித்தது. அது நடக்கிற காரியமா?

முதல் சாட்சியாக என்னைத்தான் அரசு வக்கீல் கூப்பிட்டார். ஆட்டைப் பார்த்தவன், துண்டை இழந்தவன்.

"ஆட்டை எங்க ஒளிச்சு வெச்சிருந்தாங்க?"

"என் கடைத் தூணுல, ஐயா."

"அது ஒளிச்சு வெச்ச மாதிரிதானே?"

"சந்தை நடுவுல, விடிஞ்சா பொழுது போனா கத்திக்கிட்டே இருந்துச்சு. ஒளிக்கிறதுன்னா இந்த லட்சணத்துலயா ஒளிப்பாங்க? ஐயா, அவ குரங்கு தின்னி, ஒத்துக்கிறேன். அதுக்காகப் புத்தியே இல்லாதவன்னு சொல்ல முடியுமா?"

கூண்டிலிருந்து அவள், "சாட்சி சொல்ல வந்தியா, திட்ட வந்தியாடா எலி?" என்றாள். மஜிஸ்ட்ரேட் மேசையைத் தட்டினார்.

ஹமூங்கா விடவில்லை. வழக்கம் வழக்கம் என்று சொல்லிக்கொண்டு ஆளாளுக்கு அடுத்தவன் கொட்டிலில் புகுந்தால் நாடு என்ன ஆகும் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். மஜிஸ்ட்ரேட் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் ஹமூங்கா, நேத்து டீ நேரத்துல என் மேசைமேல ஒரு பன் இருந்துச்சு. அது எங்க?"

ஹமூங்காவுக்கு வியர்த்துவிட்டது. "கனம் மஜிஸ்ட்ரேட் அவர்களே… அது வந்து… நீங்க லோசி, நான் டோங்கா…"

"கேட்காம எடுத்தீங்க."

"ஆமா."

"தின்னும் முடிச்சிட்டீங்க. இந்த அம்மா ஆட்டைத் திங்கக்கூட இல்லை. இப்ப உங்களைக் கூண்டுல ஏத்தட்டுமா?"

"எனக்கு உரிமை இருக்குன்னு நம்பித்தான் எடுத்தேன், அம்மா."

"அவ்வளவுதான் விஷயம். தனக்கு உரிமை இருக்குன்னு மனசார நம்பி எடுத்தா அது திருட்டு ஆகாது. அடுத்த சாட்சி."

எனக்கு உயிர் வந்தது. பின் பெஞ்சில் இருந்த சந்தைப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டார்கள். பானா லொம்பே கூண்டுக்குள் நின்றபடியே இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றினாள். முடிந்துவிட்டது, மதியச் சாப்பாட்டுக்குச் சந்தைக்குப் போய்விடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அடுத்த சாட்சி வெப்ஸ்டர்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்தான். ஆங்கிலத்தை விட்டுவிட்டு எங்கள் பேச்சில் பேசினான்.

"பெம்பாவும் ங்கோனியும் கேலி பண்ணிக்கலாம், நான் மறுக்கல. ஆனா எங்க அப்பாவுக்கு அது பொருந்தாது. எங்க அப்பா ங்கோனி இல்லை."

எழுதிக்கொண்டிருந்த மஜிஸ்ட்ரேட் தலை நிமிர்ந்தார்.

"வாலிபத்துல அப்பாவும் ஒரு ங்கோனி கூட்டாளியும் வேலை தேடிச் சுரங்கத்துக்கு வந்தாங்க. அந்தக் கூட்டாளிக்கு வேலை கிடைச்சிருச்சு, அப்பாவுக்குக் கிடைக்கல. கீழ இறங்குற கூண்டைப் பார்த்ததும் அந்த ஆள் பயந்து ஊருக்கே ஓடிட்டான். மசேக்கோ, மசேக்கோன்னு அந்தக் கூட்டாளி பேரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களாம். அப்பா கையைத் தூக்கிட்டாரு. தூக்கின கையைக் கடைசி வரைக்கும் இறக்கவே முடியல. வேலை போயிடும், அப்புறம் பென்ஷன் போயிடும்னு பயம். சாகுறதுக்கு முன்னாடி எங்கிட்ட மட்டும் சொன்னாரு. அவரு பெம்பா. கசாமா பக்கம்."

பெம்பாவா? எத்தனை வருஷம் ஓசியில் முடி வெட்டினேன்! சிங்க ரத்தமாம், சிங்க ரத்தம்! ஒரு குரங்கு தின்னி என் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என் பாட்டன் வீரத்தை எனக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறது. நான் பெரியப்பா, பெரியப்பா என்று துண்டு போர்த்திவிட்டிருக்கிறேன். முறைப்படி தினமும் திட்டவேண்டிய ஆளை ஒரு நாள்கூடத் திட்டவில்லையே என்று வயிறு எரிந்தது.

வெப்ஸ்டர் நிறுத்தவில்லை. "மத்தவங்களுக்கு அது கேலி. எனக்கு அது எங்க அப்பா பொணத்தை அவமானப்படுத்தின மாதிரி. நான் என்ன சொல்லித் தடுக்கிறது? உண்மையைச் சொன்னா அவரு பொய்க்காரர் ஆயிடுவாரு. அதான் போலீசுக்குப் போனேன்."

"சாட்சியை ஏதாவது கேட்கணுமா?" என்று மஜிஸ்ட்ரேட் பானா லொம்பேயைப் பார்த்தார். "கேட்கலாம், உங்களுக்கு உரிமை இருக்கு."

கிழித்துத் தோரணம் கட்டப்போகிறாள் என்று நான் பார்த்தேன். அவள் கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, உங்க அப்பாவைப் பெத்தவ என்ன குலம்?"

"மழைக் குலம்."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெம்பாக்களுக்குக் குலம் தாய் வழி. பானா லொம்பேயும் மழைக் குலம். எந்த ஊரில் பிறந்திருந்தாலும் ஒரே குலம் என்றால் கூடப்பிறந்த மாதிரிதான். அப்படியென்றால் கிழவர் அவளுக்கு அண்ணன். அண்ணன் செத்த வீட்டில் தங்கச்சி துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மண்ணில் விழுந்து, பேர் சொல்லி அழவேண்டும். இவள் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு இருமிக் காட்டியிருக்கிறாள். பானை மூடியைப் பிடித்து ஆடியிருக்கிறாள்.

ஹமூங்கா எழுந்தார். பன்னால் போன மானம் திரும்பிவந்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. "கனம் மஜிஸ்ட்ரேட் அவர்களே, அந்த வழக்கப்படி பார்த்தாலும் இந்த ஆட்டுமேல இவங்களுக்கு உரிமை இல்லை. சொந்தக் குலத்துக்காரர் வீட்டுல அப்படி எடுக்க எந்த வழக்கமும் இடம் கொடுக்கல. இதுக்குமேல நான் சொல்ல ஒண்ணும் இல்லை."

மஜிஸ்ட்ரேட் மெதுவாகக் கேட்டார். "அம்மா, அவரை ங்கோனின்னுதானே நம்புனீங்க?"

பானா லொம்பே எழுந்தாள். "எழுதிக்கோங்கம்மா. குற்றவாளி."

"எதுக்குக் குற்றவாளி?"

"எங்க அண்ணன் பொணத்துக்கு முன்னாடி நின்னு சிரிச்சேன்."

"அது குற்றப்பத்திரிகையில இல்லை."

"அப்பச் சேருங்க."

"சேர்க்க முடியாது. சட்டத்துல அப்படி ஒரு குற்றமே இல்லை."

"இல்லையா?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மேசைமேல் இருந்த தடித்த புத்தகத்தைக் காட்டினாள். "இவ்வளவு பெரிசா வெச்சிருக்கீங்க, ஆடு இருக்கு, மாடு இருக்கு, பன்னிகூட இருக்கு. ஒரு பொம்பளை சொந்த அண்ணனைப் பார்த்துச் சிரிச்சா என்னன்னு ஒரு வரி இல்லையா? என்னத்தைத்தான் எழுதி வெச்சிருக்கீங்க?"

மஜிஸ்ட்ரேட் மேசையைத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் ஜெரே, நீங்க ங்கோனி. இறந்தவர் ங்கோனி இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா அந்தத் தலையைச் சும்மா விட்டிருப்பேனா, அம்மா?"

"ங்கோனியான இவரே நம்பியிருக்காரு. ஊரே நம்பியிருக்கு" என்றார் அவர். "சட்டம் தெரியாதுன்னு சொன்னா விடமாட்டோம். ஆனா நடப்பைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டது வேற. ஒருத்தர் ஒண்ணை உண்மைன்னு மனசார நம்பி, நம்ப நியாயமும் இருந்து, அந்த நம்பிக்கையில ஒரு காரியத்தைச் செஞ்சா, அது உண்மையா இருந்தா எப்படியோ அப்படித்தான் சட்டம் அவரை எடைபோடணும். இறந்தவர் ங்கோனியா இருந்திருந்தா இது வெறும் கேலி. அதனால இது திருட்டு இல்லை. இவங்களை விடுதலை பண்றேன். ஆட்டை மகன்கிட்ட ஒப்படைக்கணும். அம்மா, நீங்க கேட்டதுக்கு இந்தப் புத்தகத்துல பதில் இல்லை. அது உண்மைதான்."

சந்தையே எழுந்து ஆடியிருக்கவேண்டிய நேரம். யாரும் ஆடவில்லை. ஜெயில் தப்பியது, திருடி என்கிற பெயரும் தப்பியது. ஆனால் கூண்டை விட்டு இறங்கினவள் முகத்தைப் பார்த்தால் தூக்குத் தண்டனை கொடுத்த மாதிரி இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் போலீஸ்காரர் ஆட்டைக் கொண்டுவந்து வெப்ஸ்டரிடம் கொடுத்தார். அவன் கைக்குட்டையைச் சுற்றிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். பானா லொம்பே நேராக அவனிடம் நடந்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நான் ஓடினேன். அவள் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டினாள். அவன் காலடியில், தார் ரோட்டோரச் செம்மண்ணில், பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு ஓலமிட்டாள் பாருங்கள், கோர்ட்டு ஜன்னலெல்லாம் திறந்துகொண்டது.

"மழைக் குலத்து மகனே! எங்க அண்ணா! எதிர்லயே இருந்தியே, ஒரு வார்த்தை சொன்னியா? இத்தனை வருஷம் தங்கச்சி புழுவைத் திருடித் தின்னியே, கேட்டிருந்தா ஒரு சட்டி வறுத்துக் கொடுத்திருப்பேனே! உன்மேல செருப்பை எறிஞ்சேனே! பேரை மறைச்ச, ஊரை மறைச்ச, அழக்கூட விடாம என்னை ஏமாத்திட்டியே, பாவி!"

ஒப்பாரியில்கூடத் திட்டுதான். வேறெப்படி அவளுக்கு வரும்? இரண்டு கையாலும் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டாள். அவள் பெண்கள் மூன்று பேரும் வந்து பக்கத்தில் விழுந்து அழுதார்கள். வெப்ஸ்டர் அப்போதும் கம்பம்தான். தாடை மட்டும் ஆடியது.

நடுவில் நிறுத்தினாள். மண் அப்பிய முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"டேய் எலி தின்னி! என்ன மரம் மாதிரி நிக்கிற? இது பெம்பா வீட்டு இழவு. உன் வேலையை யாருடா பார்க்கிறது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிழவர் பெம்பா என்றால் அவர் சாவில் கேலி செய்யவேண்டிய மச்சான் முறைக்காரன் நான். அவரை அடக்கம் பண்ணின அன்று நான் ஓரமாக நின்று பெரியப்பாவுக்காக அழுதுகொண்டிருந்தேன். அவள் என் வேலையைச் செய்தாள், நான் அவள் வேலையைச் செய்தேன். இரண்டுமே தப்பு.

எனக்கு அவள் திறமை வராது. இருந்தாலும் ரோட்டோரக் கல்லில் ஏறி உட்கார்ந்து, கழுத்தில் துண்டு சுற்றிய மாதிரி தலையைச் சாய்த்து, கிழவர் என் கடையில் தூங்குவது போலக் குறட்டை விட்டேன். பிறகு திடுக்கிட்டு விழித்து, அவர் குரலில், "தூங்கலடா, ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

வெப்ஸ்டரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்மலா, இருமலா என்று தெரியவில்லை. "சர்ச்சுலயும்… சர்ச்சுலயும் இதையேதான் சொல்லுவாரு" என்றான். சிரித்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை. அப்படியே அந்த விலையுயர்ந்த கோட்டோடு பானா லொம்பே பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, "அப்பா" என்று சின்னப் பையன் மாதிரி அழுதான். அவள் அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அவன் கையிலிருந்து கயிறு நழுவியது. நான் எடுத்துக்கொண்டேன்.

"கிழட்டுக் குரங்கு பெத்த மகனே! வேணும்னா வந்து மீட்டுக்கோடா!"

போலீஸ்காரர் ஒரு அடி எடுத்து வைத்தார், பிறகு வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் ஆட்டை இழுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தேன். வழக்கப்படி பாடிக்கொண்டு போகவேண்டும். இரண்டு தெரு தாண்டுவதற்குள் பாட்டை விட்டுவிட்டேன். என் நாற்காலியில் இனி அந்த ஆள் வந்து உட்காரப்போவதில்லை. பெரியப்பா இல்லைதான், பொய்க்காரர்தான், இருந்தாலும் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆனால் நான் மச்சான் முறைக்காரன், அழக் கூடாது. ஆகவே திட்டினேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போகும்படி, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி, சந்தை வரைக்கும் அந்தக் கிழவரைத் திட்டிக்கொண்டே போனேன்.